எண்ணெய் ஊற்றிய கை

அன்புள்ள மகனுக்கு,

வழமையாகக் கடிதத்தின் தலையில் நான் எழுதும் ஆசீர்வாத வரியை இம்முறை எழுதவில்லை. மறந்துபோகவில்லை. எழுதினேன், பிறகு அந்தத் தாளைக் கிழித்துப்போட்டு வேறு தாள் எடுத்தேன். போன கிழமை நீ அம்மாவுக்குப் போன் எடுத்துக் கல்யாணத் திகதியைச் சொன்னபோது நான் பக்கத்திலிருந்து கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் ஸ்பீக்கரில் போட்டிருந்தது உனக்குத் தெரியாது. "அப்பா வரட்டும். வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. ஆனா எங்கடை தலையிலை கை வைச்சு ஜெபம் பண்ணக் கூடாது. அதை மட்டும் நீங்கள் அவரிட்டைச் சொல்லிப்போடுங்கோ அம்மா" என்றாய். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கத்தரிக்காயைப் பார்த்தேன். "ஓம் அப்பன், சொல்லுறன்" என்று போனை வைத்தவள் எழும்பி அடுப்படிக்குப் போனாள். பக்கத்திலிருந்து கேட்டவனுக்கு என்னத்தைச் சொல்வது.

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் மோதிரமும் கேக்கும் ஒரு பக்கம். மாப்பிள்ளையின் தகப்பன் இரண்டு பேரின் தலையிலும் கை வைத்து ஜெபிப்பதுதான் கல்யாணம். தகப்பன் கை வைக்காதது அரைக் கல்யாணம் என்று எங்கள் ஆட்கள் கதைப்பார்கள். அதனால் முதல் ஒரு மணித்தியாலம் எனக்குக் கோபம்தான் வந்தது. என் குணம் உனக்குத் தெரியும். பல்கனியில் நின்று, இவன் யார் எனக்குச் சட்டம் போட என்று புறுபுறுத்தேன். கோபம் இறங்கியபோது, நீ சொன்னதில் பிழை தேடித் தேடிப் பார்த்தும் ஒன்றும் அகப்படவில்லை. இந்தக் கடிதம் உன் முடிவை மாற்றச் சொல்லிக் கேட்பதற்கு அல்ல. உனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் நான் உன் கல்யாணத்துக்கு வரலாமா என்று நீதான் சொல்ல வேண்டும். நேரடியாக அதற்கு வர எனக்குத் தைரியம் இல்லை; கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

ஒரேத்தோ வீதியில் நாங்கள் ஆராதனைக்கு வாடகைக்கு எடுத்த அந்தக் கராஜ் உனக்கு நினைவிருக்கும். முன்பு டயர் விற்ற இடம். வெயில் காலத்தில் ரப்பர் மணத்துக்குள்தான் கர்த்தரைத் துதித்தோம். பதினொரு குடும்பங்கள். அந்த நாட்களில் எங்களுக்குப் பாஸ்டர் என்று ஒருவர் இல்லை. ஒரு ஞாயிறு ஒரு குடும்பம் என்று முறை வைத்து நடத்தினோம். மாடிப்படி துடைக்கும் நான் ஒரு கிழமை பிரசங்கம் பண்ணினால், அடுத்த கிழமை இத்தாலிய சிஞ்ஞோரா ஒருத்தியின் வீட்டில் பாத்திரம் கழுவும் ஒரு அக்கா பண்ணினா. சிலர் பிழையாக வாசித்தார்கள், சிலருடைய ஜெபம் முடியவே முடியாது. ஒருமுறை உன் அம்மா நடுங்கிக்கொண்டு எழுந்து இரண்டு நிமிடம் மட்டும் பேசிவிட்டு உட்கார்ந்தாள். அதைவிட நல்ல பிரசங்கம் நான் அங்கே கேட்கவில்லை.

பிறகு எங்களுக்கு வெட்கம் பிடித்தது. ஆபிரிக்கர்களின் சபைக்குப் பாஸ்டர் இருக்கிறார், கோட் போடுகிறார், பாண்ட் வாத்தியம் வாசிக்கிறார்கள். சிங்களச் சபைக்கு இருக்கிறார். எங்களுக்கு மட்டும் தலை இல்லை. வேதாகமத்தில் இஸ்ரவேலின் மூப்பர்கள் கிழவன் சாமுவேலிடம் போய்க் கேட்டதும் இதையேதான். மற்ற ஜாதிகளுக்கெல்லாம் ராஜா இருக்கிறான், எங்களுக்கும் ஒருவனைத் தா என்றார்கள். சாமுவேலுக்கு மனம் நொந்தது. கடவுள் அவனுக்குச் சொன்ன பதிலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்: அவர்கள் தள்ளிவிட்டது உன்னை அல்ல, என்னை, ஆனாலும் கேட்டதைக் கொடு, கொடுக்கமுன் வரப்போவதைச் சொல்லிவிடு என்றார். சாமுவேலும் ஒளிக்காமல் சொன்னான். ராஜா உங்கள் மகன்களைத் தன் ரதத்துக்கு முன்னால் ஓட விடுவான், மகள்களைத் தன் சமையலுக்கு எடுப்பான், நல்ல தோட்டத்தைத் தன் ஆட்களுக்குக் கொடுப்பான், கடைசியில் நீங்கள் கத்துவீர்கள், கேட்க ஆள் இருக்காது என்றான். ஜனங்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இதை என் முறை வந்த ஞாயிறில் நான்தான் வாசித்தேன். வாசித்துவிட்டு என்ன சொன்னேன் தெரியுமா? "கர்த்தரே குடுக்கச் சொன்னவர், அப்ப நாங்களும் ஒருத்தரை வைக்கலாம்" என்றேன். எச்சரிக்கையைப் படித்துவிட்டு அதையே அனுமதிச் சீட்டாக்கியவன் உன் அப்பன். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பது சும்மா சொல்லவில்லை.

நாங்கள் தெரிந்தெடுத்த ஆளும் கெட்டவர் அல்ல. அப்போது வுச்சீரியா சந்தையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நல்ல குரல், நல்ல உயரம். இஸ்ரவேலின் முதல் ராஜா சவுலும் எல்லாரையும்விட ஒரு தலை உயரம்தானே, ராஜாவாக்கத் தேடியபோது சாமான்களுக்கு நடுவே ஒளித்திருந்தவன். இவரும் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னார். அபிஷேகத்துக்கு ஒலிவ எண்ணெய் வாங்க நீயும் நானும் கபோ சந்தைக்குப் போனோம். சபையில் வயதுக்கு மூத்தவன் என்று என்னிடம் போத்தலைத் தந்தார்கள். எனக்கு அளவு தெரியவில்லை. கொஞ்சம் தொட்டுத் தடவ வேண்டியதை, சவுலுக்கு எண்ணெய் ஊற்றிய சாமுவேல் என்ற நினைப்பில் கவிழ்த்துவிட்டேன். அவருடைய வெள்ளைச் சட்டை தோளிலிருந்து இடுப்பு வரை பச்சையாகிப் போனது. நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. என் கையால் ஒரு பெரிய காரியம் நடந்தது என்று எனக்குப் பெருமை.

அதற்கு முதல் வருடம் பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்கள் என்று, நகர் நடுவிலிருக்கும் அந்தப் பழைய கிறிஸ்தவக் கோவிலுக்கு என்னை நீ இழுத்துக்கொண்டு போனாய். சுவரில் பொன் பூசிய சின்னக் கற்களால் செய்த படம். இந்த ஊரை ஒருகாலம் ஆண்ட நோர்மன் அரசன் தலை குனிந்து நிற்கிறான். இயேசுவே தன் கையால் அவனுக்குக் கிரீடம் வைக்கிறார். நான் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பா, ரெண்டு பேருக்கும் ஒரே முகம். படம் செய்விச்சது ஆர், இயேசுவோ அரசனோ?" என்று கேட்டாய். பன்னிரண்டு வயதில் கேட்ட கேள்வி. நான் கோவிலுக்குள் கதைக்கக் கூடாது என்று உன் வாயை அடைத்தேன். உன் வாயை அடைப்பதை அங்கேயே தொடங்கிவிட்டேன் போல.

பாஸ்டர் ஒரே நாளில் மாறவில்லை. முதலில் முறை வைத்து நடத்துவதை நிறுத்தினார். நாங்கள் ஆறுதல் என்று நினைத்தோம். பிறகு பெடியங்கள் நீங்கள் சனிக்கிழமைகளில் அவருடைய வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கப் போனீர்கள். பொம்பிளைப் பிள்ளைகள் அவர் வீட்டு விருந்தாளிகளுக்குச் சமைக்கப் போனார்கள். சாமுவேல் சொன்ன பட்டியல் ஒவ்வொன்றாய் நடந்தது, ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகுதான் "கர்த்தர் எனக்குச் சொன்னார்" என்ற பேச்சு வந்தது. யார் யாரைக் கட்ட வேண்டும், யார் எந்த வீட்டுக்குக் குடிபோகக் கூடாது, எல்லாம் கர்த்தர் அவருக்குச் சொன்னார். அந்த ஒரு வசனம் வந்த பிறகு அவரோடு கதைக்க வழியில்லை. மனிதனோடு வாதாடலாம், கடவுளோடு யார் வாதாடுவது.

செல்வி அன்ரியின் கதையை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, உன் கதைதான் அது. ஆனால் என் வாயால் ஒருமுறை சொல்ல வேண்டும். புருஷனைச் சண்டையில் பறிகொடுத்துத் தனியே வந்த மனுஷி, சீனி வருத்தம், நாளுக்கு நாலு இன்சுலின் ஊசி. இத்தாலி மொழி வராது என்று ஒவ்வொரு முறையும் உன்னைத்தான் டாக்டரிடம் கூட்டிப்போவா. ஊசியை ஒரு நாளும் விடக் கூடாது என்று அந்தப் பெண் டாக்டர், டொத்தொரெஸ்ஸா, சொன்னதைப் பதினாறு வயதில் நீதான் தமிழில் அவவுக்குச் சொன்னாய். அந்த ஞாயிறு பாஸ்டர் அவவின் தலையில் கை வைத்து, "கர்த்தர் இந்தச் சகோதரியைத் தொட்டிட்டார். இனி ஊசி வேண்டாம். ஊசி போட்டால் அது அவிசுவாசம்" என்றார். சபை ஸ்தோத்திரம் சொன்னது. நீ எழும்பினாய். குரல் உடைகிற வயது, பாதி ஆம்பிளைக் குரல், பாதி பிள்ளைக் குரல். "பாஸ்டர், அது பிழை. ஊசியை விட்டா அன்ரி செத்துப்போவா. டொத்தொரெஸ்ஸா சொன்னவ. நான்தான் மொழிபெயர்த்தனான்."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் வந்து உன் தோளைப் பிடித்தேன். கர்த்தர் அபிஷேகம் பண்ணினவருக்கு எதிராய் வாய் திறக்கக் கூடாது, தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவின் மேலேயே தாவீது கை போடவில்லை, நீ யார் என்று கேட்டேன். முழங்காலில் நின்று மன்னிப்புக் கேள் என்றேன். நீ என் முகத்தையே பார்த்தாய். நான் தோளை அழுத்தினேன். நின்றாய். கேட்டாய். சீமெந்துத் தரையில் நீ முழங்கால் படிய நின்றதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. மகனே, அன்றைக்கு வெட்கம் வரவில்லை. அன்றைக்கு எனக்குத் திருப்தியாக இருந்தது.

மூன்று கிழமையில் செல்வி அன்ரி நினைவில்லாமல் விழுந்தா. உயிர் தப்பியது, காலில் ஏற்கனவே இருந்த புண் அழுகிப்போனது. ஆஸ்பத்திரியில் தமிழ் சொல்ல ஆள் இல்லை என்று மறுபடியும் உன்னைத்தான் கூப்பிட்டார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கப்போகிறோம் என்று டாக்டர் சொல்ல, பதினாறு வயதுப் பிள்ளை அதைத் தமிழில் அவவுக்குச் சொன்னாய். நான் கதவடியில் நின்றேன். "அன்ரி, காலை எடுக்கவேணுமாம்" என்று நீ சொன்னபோது உன் குரல் கொஞ்சமும் உடையவில்லை. அதற்குப் பிறகு நீ என்னோடு கோபப்படவே இல்லை. கேட்டதற்குப் பதில் மட்டும் சொன்னாய். பாஸ்டர் இரண்டு வருடத்தில் வேறு நாட்டுக்குப் போய்விட்டார். சபையில் அது விசுவாசச் சோதனை என்று கதையை மூடிவிட்டோம். பத்தொன்பது வயதில் நீ பொலோனியாவுக்குத் தாதிப் படிப்புக்குப் போனாய், ஸ்டேஷனில் என் கையைக் குலுக்கிவிட்டு.

நீ போன பிறகு தாவீதின் கதையை நான் திரும்ப வாசித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், ஆனாலும் வாசித்தேன். உன்னை நான் அடக்கிய இடத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? தாவீது சவுலின் மேல் கை போடவில்லை, உண்மை. ஆனால் குகையில் ஒளித்திருந்து அவனுடைய அங்கியின் ஓரத்தை வெட்டி எடுத்தான். தூரத்தில் போய் நின்று, எல்லாருக்கும் கேட்க, நீ எனக்குச் செய்வது அநியாயம் என்று கூப்பிட்டுச் சொன்னான். கையைத்தான் அடக்கினான், வாயை அடக்கவில்லை. நான் பாதியை மட்டும் வாசித்து அதாலேயே உன் வாயைப் பொத்தியிருக்கிறேன். பிறகு அதே தாவீது ராஜாவாகி அடுத்தவன் பெண்சாதியை எடுத்தபோது, நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்குள்ளேயே போய், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரனின் கதையைச் சொல்லி, அந்த ஆள் நீதான் என்றான். ராஜா அவனைக் கொல்லவில்லை, நான் அபிஷேகம் பெற்றவன் என்று சொல்லவும் இல்லை. பாவம் செய்தேன் என்றான். அந்தச் சபையில் எங்களுக்கு ஒரு நாத்தான் இருந்தான். குரல் உடைகிற வயதில் இருந்தபடியால் எங்களுக்கு ஆளைத் தெரியவில்லை.

மற்ற நாடுகளில் ராஜாவையே தெய்வம் என்றார்கள். இஸ்ரவேலின் எழுத்துகளிலோ ராஜாவுக்கு மேல் சட்டம் இருந்தது. அதை அவன் தன் கையாலேயே தனக்கு ஒரு பிரதி எழுதி, ஆயுள் முழுக்க வாசிக்க வேண்டும். எதற்கு என்றால் தன் சகோதரர்களைவிடத் தான் பெரியவன் என்று மனம் உயராமல் இருப்பதற்கு. அதை நான் எத்தனை முறை கடந்துபோயிருப்பேன்! கேள்வி கேட்காமல் இருந்தவன்தான் உயிரோடு மிஞ்சுவான் என்று பழகிய வன்னியிலிருந்து வந்தவன் நான். வேதத்துக்குள்ளும் என் கண் அடங்கி நடக்கும் இடங்களைத்தான் தேடியது. தப்பிக்கச் சொல்லும் சாட்டு அல்ல இது. சாட்டுப் போலத் தெரிந்தால் அடித்துவிட்டு வாசி. உனக்கும் ஒரு நாள் பிள்ளை வரும். அது கேள்வி கேட்கும்போது பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லு. கடவுளை உன் பக்கத்துச் சாட்சிக்குக் கூப்பிடாதே. வீட்டுக்குள்ளே ஒரு ராஜா உண்டாவது இப்படித்தான்.

இப்போது சபையில் மறுபடியும் ஒரு இளந்தாரியைப் பாஸ்டராக்கப் போகிறார்கள். போன ஞாயிறு என்னிடம் வந்து, "அண்ணை, நீங்கள்தான் மூத்த ஆள், எண்ணெயை நீங்கள்தான் ஊத்தவேணும்" என்றார்கள். நான் எல்லார் முன்னாலும் எழுந்து, ஊற்ற மாட்டேன் என்று சொல்லி, செல்வி அன்ரியின் கால் போன கதையைச் சொன்னேன். எட்டு வருடத்துக்குப் பிறகு அந்தக் கராஜில் அதை முதலில் பேசியவன் நான்தான். பாதியில் ஒருவர் எழும்பி, "அண்ணை, அபிஷேகம் பெற்ற ஊழியரைப் பற்றிக் கதைக்காதேங்கோ" என்றார். அந்த வசனத்தை அவருக்குப் பழக்கிவிட்டதும் நான்தான், என்ன செய்ய. நான் கதைத்து முடித்த பிறகுதான் உட்கார்ந்தேன். ஆனால் சொல்லச் சொல்ல, நான் சொல்வதும் பாதிக் கதைதான் என்று எனக்கே தெரிந்தது.

அதனால் புதன்கிழமை வேலை முடிந்து செல்வி அன்ரியின் வீட்டுக்குப் போனேன். கபோ சந்தைக்கு மேலே இரண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை, பொய்க்காலோடு அவ அந்தப் படியில் ஏறி இறங்குகிறா. தேத்தண்ணி வைத்துத் தந்தா. நான் வாய் திறக்க முதலே, "அண்ணை, எட்டு வரியமா நீங்கள் வருவியள் வருவியளெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றா. நான் அழுதேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீர் ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை செல்வி?" என்று கேட்டேன். "சொல்லியிருந்தா அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லாமப் போயிருக்கும். எனக்குக் கால் போனது காணாதோ?" என்றா. பிறகு, "ஆனா இனி நீங்களே சொல்லிப்போடுங்கோ. தெரியாம உங்களை அவன் தன்ரை கல்யாணத்திலை இருத்தக் கூடாது" என்றா.

அவ ஒளித்து வைத்தது இது. நீ முழங்காலில் நின்ற அதே ஞாயிறு பின்னேரம் அவ எங்கள் வீட்டுக்கு வந்தா. நீ வெளியே போயிருந்தாய், அம்மா வேலையில். "அண்ணை, நான் ஆரை நம்புறது? தம்பி பொய் சொல்ல மாட்டான். எனக்கு ஊசியை விடப் பயமாயிருக்கு. நீங்கள் போடச் சொன்னா நான் போடுறன்" என்று கேட்டா. பாஸ்டரின் சொல்லை மட்டும் நம்பி அவ ஊசியை விடவில்லை, மகனே. அவ என்னிடம் வந்து கேட்டா. என் ஒரு சொல்லுக்காக வாசலில் நின்றா. நீ சொன்னதுதான் சரி என்று எனக்கு அந்த நேரம் தெரியும். படி துடைக்கிறவனுக்கும் அவ்வளவு விளங்கும். ஆனால் அவர் பிழை என்றால் எண்ணெய் ஊற்றிய நானும் பிழை, காலையில் உன்னை மண்டியிட வைத்த நானும் பிழை. அதை ஏற்றுக்கொள்வதைவிட அவவின் உயிரை வைத்துப் பார்ப்பது எனக்கு லேசாக இருந்தது. "அவன் சின்னப் பிள்ளை. பாஸ்டர் சொன்னதைக் கேளும்" என்றேன். அவ ஓம் என்று தலையாட்டிவிட்டுப் படியிறங்கிப் போனா.

அம்மாவுக்கும் இதை நேற்றுத்தான் சொன்னேன். இன்னும் என்னோடு கதைக்கவில்லை. கல்யாணத்துக்கு அவளுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று, எனக்கு எடுக்கவில்லை. நீ வரச் சொன்னால் எடுப்பேன். வந்தால் நீ காட்டும் இடத்தில் இருப்பேன், கை என் மடியில் இருக்கும். வர வேண்டாம் என்றால் காரணம் எழுதத் தேவையில்லை, அம்மாவிடம் ஒரு சொல் சொன்னால் போதும். எந்தப் பதில் வந்தாலும் இதை மட்டும் வைத்துக்கொள்: அன்றைக்கு அந்தச் சபையில் நீ சொன்னது சரி. எனக்கு அது அன்றைக்கே தெரியும்.

அப்பா